ஞானப்பூ கூட்டாமல் விட்ட சருகு

நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த ஞானப்பூ தனிக்கட்டை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் கட்டிங் வேஸ்ட்டைக் கூட்டினாள். தரையில் ஒரு நூல் கிடந்தாலும் திட்டு விழும். 2003-இல் முதலாளி தன் தரிசில் காடு வளர்க்க மரம் நட்டு, அவளைக் காவலுக்கு வைத்தார். பழக்கதோஷம், உதிர்ந்த இலையையும் தினமும் கூட்டிக் கொளுத்தினாள்.

நான்காம் வருடம் மண்ணைச் சோதிக்க வந்த கல்லூரிப் பெண் தரணி சொன்னாள்: "மரம் நல்லா வந்துருக்குதுங்க்கா. ஆனா மண்ணுல ஒரு பூச்சிகூட இல்லீங்க. சருகுதானுங்க அதுகளுக்கு ஊடு."

"இத்தன வருசம் அதுக வீட்டையா எரிச்சேன்? முன்னாடியே வந்து சொல்லக்கூடாதாக்கும்?" என்று சீறிய ஞானப்பூ, விளக்குமாறை வீசி எறிந்தாள்.

அடுத்த ஐப்பசி மழையில் சருகுக்கடியில் சின்னதும் பெரிசுமாய் மரவட்டைகள். சருகை விலக்கி, குனிந்து பார்த்தாள்.

"இருங்க," என்றாள். விலக்கிய சருகை மறுபடி அவற்றின் மேலேயே மூடினாள்.