பைலட்டும் ஆஸ்பத்திரி மேடும்

ஊரில் யாரும் அவரை டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. பைலட் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவர் ஓட்டிய பஸ்ஸை சைக்கிள்காரர்களே முந்திக்கொண்டு போவார்கள். போகிற போக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி, "என்ன பைலட், கீழ மேகம் தெரியுதா?" என்று ஒரு கேள்வியையும் வீசிவிட்டுப் போவார்கள். வேறு ஒருவராக இருந்தால் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். இவருக்கோ அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. மனைவியிடம் சொல்லி, சட்டைப் பைக்கு மேலே சிவப்பு நூலில் 'பைலட்' என்று தைத்துப் போட்டுக்கொண்டார். கேலி செய்தவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

அடக்கத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்திருந்த கண்ணாடியில் பாதி நேரம் தன் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "என் வண்டியில ஏறினவன் எவனுக்காவது ஒரு கீறல் உண்டா? கேட்டுப் பாருங்க" என்று புதிதாக ஏறும் ஆள் ஒவ்வொருவரிடமும் சொல்வார். அந்த ஆள் கேட்டிருக்கவே மாட்டார், பாவம், இறங்கும் இடம் எப்போது வரும் என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பைலட் எவ்வளவோ பீற்றிக்கொண்டார், அதில் இந்த ஒன்று மட்டும் அப்பட்டமான உண்மை.

அவர் ஓட்டிய பஸ்ஸுக்கு மகாராணி என்று பெயர். நான்கைந்து பேர் பின்னால் நின்று தள்ளாமல் காலையில் அவள் கிளம்பியதே இல்லை, அதனால் அந்தப் பெயர். என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் அதன் பக்கத்து சீட்டுக்குப் பெண்கள் சண்டை போடுவார்கள். வெயில் காலத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். மழை பெய்தால் மூன்றாவது வரிசையில் இருப்பவர் பஸ்ஸுக்குள்ளேயே குடை விரிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் குடைக்குள் கொஞ்சம் இடம் கேட்பார். கியர் கம்பியை மாற்றும்போது பைலட்டின் உடம்பே ஒருமுறை எழுந்து உட்காரும். அதையும் அவர் ஒரு மிடுக்கோடுதான் செய்வார்.

கண்டக்டர் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அக்காவைக் கட்டிக்கொடுத்ததோடு விடாமல் தானும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டவன் என்று பைலட் சொல்வார். வண்டியை நிறுத்தவும் கிளப்பவும் கூரையோடு ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் முன்னால் மணி அடிக்கும். வீட்டில் அக்காவும் அத்தானும் முறைத்துக்கொண்டிருக்கும் நாளில் அந்தக் கயிறு படும் பாட்டைப் பார்த்தே பயணிகள் விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

"என்ன கண்டக்டர், அக்கா பக்கமா இன்னிக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.

"நியாயத்தின் பக்கம்" என்பான் மைத்துனன். கியர் கம்பி பதிலுக்குக் கரகரக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த ரூட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த ரூட்டிலும் நான் கேள்விப்படாத வழக்கம். பஸ் போய்ச் சேரும் இடம் ஒரு மேடு. மேட்டின் மேல் ஆஸ்பத்திரி, அதை அடுத்துப் பள்ளிக்கூடம், அதற்கும் பின்னால் தொழிலாளர் வீடுகள். இரண்டு பக்கமும் மதில், நடுவில் ஒரு வளைவு, அப்படி ஏறும் சாலை. கீழே லாண்டரிக் கடை வாசலில் மகாராணி வந்து நிற்பாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், பயணிகள் பைகளைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி நடக்க ஆரம்பிப்பார்கள். நடக்க முடியாதவர்கள் மட்டும் உள்ளே இருப்பார்கள். மகாராணி முனகிக்கொண்டு மேலே ஏறுவாள், பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க ஒரு மரக்கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மைத்துனன் பின்னாலேயே ஓடுவான். மேலே போனதும் எல்லாரும் ஏறி அவரவர் சீட்டில் உட்காருவார்கள். அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்தார் என்ற பேச்சே கிடையாது. அந்த நடையில் எத்தனையோ காரியங்கள் முடிந்திருக்கின்றன. பேசாமல் இருந்த அண்ணன் தம்பி பேசியிருக்கிறார்கள். மைத்துனனுக்குப் பெண் அமைந்ததே அந்த மேட்டில்தான். கட்டையோடு ஓடிய அழகைப் பார்த்துச் சிரித்தவளையே கட்டிக்கொண்டான்.

மகாராணிக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று ஊர் நினைத்தது. அது பாதிதான். பைலட் இந்த ரூட்டுக்கு வந்த புதிதில், நல்ல மழை நாளில், வண்டி நிறைய ஆட்களோடு அந்த வளைவில் என்ஜின் அணைந்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை. மகாராணி பின்னோக்கிச் சரியத் தொடங்கினாள். மைத்துனன் குதித்துக் கட்டையைக் கொடுத்ததால் வண்டி மதிலை உரசியபடி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பைலட் வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறவே இல்லை. பயம் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவிக்கு மட்டும் தெரியும், அதுவும் அவர் சொல்லித் தெரிந்ததல்ல.

ஒரு வழியாக மகாராணிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு டெப்போவில் புது பஸ் கொண்டுவந்தார்கள். நீளமான பஸ், கனமான பஸ், கதவு தானாகவே மூடிக்கொள்ளும். கூடவே ஒரு பேச்சும் வந்தது. இவ்வளவு பெரிய வண்டியை அந்த மேட்டில் ஏற்றுவது ஆபத்து, லாண்டரிக் கடையோடு ரூட்டை முடித்துவிடலாம் என்ற பேச்சு. கேட்டவர்களுக்குப் பகீரென்றது. மகாராணி இருந்தவரை நடக்க முடிந்தவர்கள்தான் நடந்தார்கள். இனி பிரசவ வலி எடுத்தவளும் நடக்க வேண்டும், கால் உடைந்தவனும் நடக்க வேண்டும்.

டெப்போவிலிருந்து ஒரு அதிகாரியம்மா நேரிலேயே வந்தார். கறாரானவர், ஆனால் நியாயமானவர்.

"வண்டி நிறைய ஆள் ஏத்திக்கிட்டு ஒரு தடவை மேல ஏத்திக் காட்டுங்க. ஏறினா ரூட் இருக்கும். எனக்கொண்ணும் நிறுத்தணும்னு ஆசையில்ல" என்றார்.

"இதெல்லாம் ஒரு விஷயமாம்மா?" என்றார் பைலட், மீசையைத் தடவிக்கொண்டு. பக்கத்தில் நின்ற மைத்துனன் அத்தான் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

சோதனை ஓட்டத்தன்று காலையில் பஸ் நிரம்பி வழிந்தது. ரூட்டைக் காப்பாற்ற வேண்டுமே என்று, வேலை இல்லாதவர்களும் ஏறியிருந்தார்கள். கால் சரியில்லாத தையல்காரர் நடுவில் ஒரு சீட்டைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கும் பைலட்டின் மனைவி வழக்கம்போலப் பின்வரிசையில் இருந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அதிகாரியம்மா முகத்தில் திருப்தி தெரிந்தது. லாண்டரிக் கடை வந்தது.

பைலட்டின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கை தானாகக் கதவைத் திறந்தது. உள்ளே இருந்தவர்களும் சும்மா இருந்தார்களா? பைகளைச் சீட்டில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மொத்தப் பேரும் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். மைத்துனன் குதித்து இறங்கிக் கட்டையைத் தேடினான். புது வண்டியில் கட்டை ஏது? ஓரத்தில் கிடந்த பாறாங்கல் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

வண்டியில் அதிகாரியம்மாவும் தையல்காரரும்தான் மிச்சம்.

"என்ன ஆச்சு? வண்டி ரிப்பேரா?" என்றார் அதிகாரியம்மா.

"இல்லம்மா, இங்க எறங்கிடுவோம்" என்றார் தையல்காரர், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

புது பஸ் காலியாக, வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மேட்டில் ஏறியது. மேலே எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஏறி, அவரவர் சீட்டில் உட்கார்ந்து, "பாத்தீங்களாம்மா, எப்படி ஏறிச்சு!" என்று பெருமையாகக் கேட்டார்கள்.

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "நீங்கதான் யாருமே உள்ள இல்லையே" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பஸ் முழுக்க அசடு வழிந்தது. மைத்துனன் பாறாங்கல்லை மெல்ல இறக்கிச் சாலையோரமாக வைத்தான்.

வண்டியைத் திருப்பி மறுபடி கீழே கொண்டுவந்தார்கள். லாண்டரிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் பைலட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளப்பவில்லை. கண்ணாடியில் மீசையையும் பார்க்கவில்லை.

"ஆள் வச்சு ஏத்த முடியுமா, முடியாதா? முடியலன்னா தப்பில்ல. இப்பவே சொல்லிடுங்க" என்றார் அதிகாரியம்மா. அன்பாகத்தான் கேட்டார்.

பைலட் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் ஓயாத மனிதர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பஸ்ஸில் இருந்தவர்கள் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பழைய மழைநாளை நினைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுந்தாள். "நான் வேணா எறங்கிக்கறேனே. நடந்தே பழகிடுச்சு" என்றாள். அவள் இறங்கினால் அடுத்தவர் இறங்குவார். அவர் பின்னால் எல்லாரும் இறங்குவார்கள். அத்தோடு ரூட் முடிந்தது.

பின்வரிசையிலிருந்து பைலட்டின் மனைவி எழுந்து முன்னால் வந்தாள். கணவனின் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். பிறகு அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காரும்மா. இந்த மனுஷன் வீட்டுல பேசறதுல பாதி பொய். ஸ்டியரிங்கைப் பிடிச்சா பொய் வராது. நான் சொல்றேன், உக்காரு."

பஸ் சிரித்தது. கைக்குழந்தைக்காரியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"பைலட், எடுங்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள் மனைவி. அவள் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பைலட் வண்டியை எடுத்தார். இந்த முறை மேடு லேசாக இல்லை. அத்தனை பேரின் கனமும் என்ஜினில் கேட்டது. வளைவில் திரும்பினால், ஆஸ்பத்திரிக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் தள்ளுவண்டி நடுச்சாலையில் நிற்கிறது! தள்ளிக்கொண்டு வந்தவன் களைப்பாறிக்கொண்டிருந்தான். பைலட் நிறுத்த வேண்டியதாயிற்று. முன்பு மகாராணி சரிந்த அதே வளைவு. தள்ளுவண்டிக்காரன் பதறி ஒதுங்கினான். இனி நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளட்சை விட்டதும் பஸ் ஒரு சாண் பின்னால் போயிற்று. யாரோ வீறிட்டார்கள். மைத்துனன் கதவுப் பக்கம் பாய்ந்தான்.

"உள்ளயே நில்லு மாப்ளே!"

பைலட்டின் அந்த அதட்டலில் மைத்துனன் நின்றான், பஸ்ஸும் நின்றது. அடுத்த நொடி என்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. ஒரு குலுங்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை. தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவது போல, அத்தனை பேரையும் அவர் வளைவைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது அதிகாரியம்மா பிடித்திருந்த கம்பியை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ரூட் இருக்கும்" என்றார். அவ்வளவுதான், விசில் பறந்தது. தையல்காரர் தன் காலை மறந்து எழுந்து நின்றுவிட்டார். எல்லாரும் இறங்கி, பைலட்டை வரவேற்கத் தயாராக வாசலில் கூடினார்கள். பைலட் இறங்கவில்லை.

மனைவி சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கத்துக் கதவுக்குப் போனாள். கதவைத் திறந்து, படியில் ஏறி, உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். அவருடைய இரண்டு காலும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"நிக்க மாட்டேங்குது" என்றார், சின்னக் குரலில்.

"நடுங்கட்டும். யாரும் பாக்கல."

"அங்க பின்னால போச்சு பாரு, எனக்கு உசிரே இல்ல."

"தெரியும். அந்தப் பயத்தை வச்சுக்கிட்டும் ஏத்திக்கிட்டு வந்தீங்க பாருங்க" என்றாள். அவர் முட்டியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நடுக்கம் நிற்கும்வரை எடுக்கவில்லை. அப்புறம் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்து நடந்தாள்.

பைலட் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு இறங்கினார். கூட்டம் மொய்த்துக்கொண்டது. "வண்டி பின்னால போனப்ப பயமா இல்லையா பைலட்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயமா? எனக்கா?" என்றார் பைலட், மேடு முழுக்கக் கேட்கும்படி.

வாசல்வரை போயிருந்த அவர் மனைவிக்கும் அது காதில் விழுந்தது. வீட்டில் அவர் சொல்லும் எந்தப் பொய்யையும் விட்டுவைக்காதவள் அவள். இதைப் பற்றி மட்டும் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.