கனவில் பிடித்த பீடி

எண்பதுகளின் தொடக்கம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். இருமல் வந்தால் தறியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவேன். அப்படியும் பீடியை விட மனசு வரவில்லை. திருத்தணி டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இப்பவே விட்டாத்தான் நுரையீரல் தப்பும். தனியா உங்களால முடியாது, ஞாயித்துக்கிழம காலைல வாங்க" என்றார்.

போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், என்னைப் போலவே விட முடியாமல் தவித்தவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும், வைத்தியமே அதுதான். அரக்கோணத்து ரயில்வேக்காரர் ஒருவர் குனிந்த தலை நிமிரவில்லை. முதலில் வாய் திறந்தது, ஆர்.கே.பேட்டைப் பக்கம் கூலிவேலை செய்யும் ஒரு பெண்மணி.

"நாத்து நடசொல்ல குளுருக்குச் சுருட்டு புடிச்சேன். இப்ப அது என்னப் புடிச்சிகினு வுடமாட்டேங்குது!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பில் எனக்கும் பேச்சு வந்தது. அன்றே பீடியை விட்டேன்.

சில வாரங்கள் ஓடின. ஒரு மார்கழி ஞாயிறு, விடிகாலைக் கனவில் பீடி பிடித்தேன். தறிகள் சத்தமே இல்லாமல் ஓடுகின்றன, நூலுக்குப் பதில் புகை துணியாக இறங்குகிறது, நான் இழுத்துக்கொண்டே இருக்கிறேன். விழித்தபோது தொண்டையில் அந்தக் காரம்கூட இருந்தது. சத்தியம் தவறியவன்போலக் கூசிப்போனேன். திருத்தணியில் பஸ்ஸை விட்டு இறங்கியும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பீடியும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு மலைப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒரே பனி. மேலே கோயிலும் இல்லை, கீழே ஊரும் இல்லை. மணிச்சத்தம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது. குச்சி நமத்துப்போய்ப் பற்றவில்லை.

பனிக்குள்ளிருந்து அந்தப் பெண்மணி வந்தார், பின்னாலேயே மற்றவர்களும். பஸ்ஸை விட்டு இறங்கி நான் படிப் பக்கம் திரும்பியதை அவர் பார்த்திருக்கிறார். கையில் பீடியைக் கண்டும் யாரும் திட்டவில்லை. என்னைச் சுற்றிப் படிகளிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னா நைனா ஆச்சு?"

கனவைச் சொன்னேன். "அப்போ நான் இன்னும் வுடலன்னுதானே அர்த்தம்?"

ரயில்வேக்காரர் தலை நிமிர்ந்தார். "எனக்கும் வருதுங்க. இஞ்சின் புகையெல்லாம் என் வாயிலருந்தே போற மாதிரி. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"ஆங், எனக்குந்தான். கனவுல புடிச்சா புடிச்சிட்டுப் போ நைனா. முழிச்சிகினு புடிக்காத, அவ்ளோதான்" என்றார் அந்தப் பெண்மணி.

ஒவ்வொருவரும் தங்கள் கனவைச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறிப் பனி கலைந்தபோது, என் உள்ளங்கையில் பீடி வெறும் இலையும் தூளுமாகக் கிடந்தது. எப்போது கசக்கினேனோ, தெரியவில்லை.

அதன்பின் பீடியைத் தொட்டதில்லை. கனவு மட்டும் எப்போதாவது வரும். இப்போதெல்லாம் விழித்ததும் பயப்படுவதில்லை. அவர்களிலும் யாரோ ஒருவர் இந்நேரம் இதே கனவிலிருந்து எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன், நெஞ்சு லேசாகிவிடும்.