சிவப்பு எரிந்தால் ஓடுகிறது

ஆவடியில் ஒரு காவல் அலுவலகத்தில் ஒப்பந்தப் பொறியாளராக இருந்தபோது, காவலர்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் கேமராவைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று நிறுவனங்கள் மாதிரி அனுப்பியிருந்தன. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும்போதே பட்டியல் போட்டுவிட்டேன். வெயிலில் எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கிறது, மழையில் நனைந்தால் என்ன ஆகிறது, எவ்வளவு தூரத்தில் வண்டி எண்ணைப் படிக்க முடிகிறது, ஓடினால் கிளிப் கழன்று விழுகிறதா. மொத்தம் பத்தொன்பது வரிகள். முதல் மாதிரி பதினேழில் தேறியது. படம் அவ்வளவு தெளிவு. எல்லோருக்கும் அதுதான் பிடித்தது, எனக்கும்.

அதையே இரண்டு வாரம் போட்டுப் பார்க்கச் சிலருக்குக் கொடுத்தோம். பாதிப் பேர் காவல் நிலையங்களில் இருப்பவர்கள், மீதிப் பேர் போக்குவரத்துக் காவலர்கள். பயிற்சி நான்தான் எடுத்தேன். பொத்தானை அழுத்துங்கள், விளக்கின் நிறம் மாறும், குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று ஒரு தாளும் அச்சிட்டுக் கொடுத்தேன்.

இரண்டாவது வாரம் புகார் வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு சிக்னலில் நிற்கும் பெண் தலைமைக் காவலர், ஹெல்மெட் போடாத ஒருவரின் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அசிங்கமாகத் திட்டினார் என்று. எல்லோரும் அவரை ஏட்டம்மா என்பார்கள். மேனாம்பேட்டுக்காரர். சாவியை எடுத்ததை அவர் மறுக்கவில்லை, திட்டவில்லை என்றார். அவர் சட்டையில் எங்கள் கேமரா இருந்தது. திறந்து பார்த்தேன். மூன்று விநாடிப் படம். ஒரு பைக், ஒரு கை, அவ்வளவுதான்.

என் பிரிவு அதிகாரி தலையை ஆட்டினார். "ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசியிருக்காங்க. 'வேண்டுமென்றே அணைத்தார்'னு ரிப்போர்ட்ல போட்டுடுங்க."

அந்த ஒரு சொல் போதும். மெமோ வரும், அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நிற்கும். "பதிவேட்டைப் பார்த்துட்டு எழுதறேன், சார்" என்றேன்.

கேமராவுக்குள் ஒரு பதிவேடு உண்டு. பொத்தானை எப்போதெல்லாம் அழுத்தினார்கள் என்று அது குறித்து வைக்கும். ஏட்டம்மாவின் பதிவேட்டில் தினமும் ஒரே மாதிரி: ஓர் அழுத்தல், இரண்டு மூன்று விநாடியில் இன்னொன்று. மற்றப் போக்குவரத்துக்காரர்களுடையதைத் திறந்தேன். அங்கேயும் அதே. காலி ரோட்டைப் படம் பிடிக்கும்போதும் மூன்று விநாடி. நிலையத்துக்காரர்களிடம் இது இல்லை. கருவியில் கோளாறு இல்லை என்று தெரிந்தது. வேறு என்ன என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த சிக்னலுக்கே போனேன். ஒரு பக்கம் வண்டிகளைக் கையால் நிறுத்தியபடி ஏட்டம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீயும் என்னை விசாரிக்க வந்துகீறியா?"

"இல்ல மேடம். கேமராவ ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க, போதும்."

அழுத்தினார். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே குனிந்து பார்த்தார். "தோ பாரு, நின்னுடுச்சி. எப்பவும் இதே ரோதனைதான்." மறுபடி அழுத்தினார். பச்சை. "ஆங், இப்போ ஓடுது."

விளக்கைத் தொட்டுக் காட்டினேன். "மேடம், சிவப்பு எரிஞ்சாத்தான் ஓடுதுன்னு அர்த்தம். பச்சைன்னா சும்மா இருக்கு."

"சிவப்புல ஓடுமா? இருபது வருசமா சிவப்புக்கு வண்டிய நிறுத்திகினு கீறேன். என்கிட்டயே சொல்றியா?"

கோட்டருகே நின்ற ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "மேடமே சொல்லிட்டாங்க, சிவப்புல ஓடலாமாம். நான் கெளம்பட்டா?"

"கோட்டுக்குப் பின்னால போடா மொதல்ல! வந்துட்டான் பெரிய இஞ்ஜினியரு."

ரயிலில் திரும்பும்போது பட்டியலை எடுத்தேன். பத்தொன்பது வரியில் விளக்கின் நிறம் இல்லை. என் தாளில் 'நிறம் மாறும்' என்று இருந்தது. எந்த நிறத்துக்கு என்று இல்லை. பதிவு என்றால் சிவப்பு என்பது எனக்கு எழுதவே தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கிறது.

அதிகாரி அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சிக்னல் கலர்னு நினைச்சு அணைச்சுட்டாங்களா? மேல அனுப்பினா நம்மளக் கிண்டல் பண்ணுவாங்கம்மா."

"பண்ணட்டும் சார். சண்டையே இல்லாத எடத்துலயும் அணைச்சிருக்காங்க. எல்லார் பதிவேடும் இணைச்சிருக்கேன். 'வேண்டுமென்றே'ங்கிறதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. தப்பு என் பயிற்சியிலன்னு நாலாம் பக்கத்துல இருக்கு."

"உங்க பேர நீங்களே கெடுத்துக்கணுமா?"

"அந்தப் பக்கத்த எடுத்தா நான் கையெழுத்துப் போட முடியாது, சார்."

இரண்டு நாள் அந்தக் கோப்பு அவர் மேசையிலேயே இருந்தது. காலையும் மாலையும் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் ஒரு திருத்தமும் இல்லாமல் கையெழுத்திட்டு அனுப்பினார்.

மூன்றாவது மாதிரியைத் திரும்ப வெளியே எடுத்தோம். படம் சுமார். ஆனால் அதில் பொத்தானுக்குப் பதில் தள்ளும் சுவிட்ச் இருந்தது: மேலே தள்ளினால் பதிவு, கீழே தள்ளினால் நிறுத்தம். பதிவு ஓடும்போது மார்பில் லேசாக அதிரும். குனிந்து பார்க்க வேண்டாம். அதையே ஒரு வாரம் சிக்னல்களில் கொடுத்தேன். மூன்று விநாடிப் படம் ஒன்றுகூட வரவில்லை. பரிந்துரையில் அதை எழுதினேன். தெளிவான படத்தை ஏன் விட்டோம் என்று குழுவில் கேட்டார்கள். ஓடாத கேமராவில் தெளிவு எதற்கு என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

ஏட்டம்மாவின் விசாரணை அன்று கோப்போடு நானும் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வந்த மெமோவில் கேமராவை அணைத்த குற்றம் இல்லை. திட்டிய புகார் மட்டும் அப்படியே இருந்தது.

"நான் திட்டலன்றது உன் பேப்பர்ல எங்கனா கீதா?"

"இல்ல மேடம். படம் இல்லாம அத நான் எழுத முடியாது."

"ஆஃப் பண்ணி ஏமாத்தலன்றது?"

"நாலாம் பக்கம்."

தாளை வாங்கி அந்தப் பக்கத்தை எடுத்தார். விரலை வரிமேல் வைத்து மெதுவாகப் படித்தார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "இது போதும்மா. மிச்சத்த நானே பேசிக்கிறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.