ஒரு முழம் குறைந்த கட்டில்

வேலைக்கு வந்திருந்த பதினோரு பேரில் அவர்தான் குள்ளம். அதனால்தான் வேலை அவருக்குக் கிடைத்தது. இருபது வருஷம் செருப்புக்கடையில் ஏணி ஏறி இறங்கியவர், அந்தக் கடை மூடிய பிறகு ஏழு மாதம் வீட்டில் இருந்தார். தெருவில் அவருக்கு 'அரைப்படி' என்று பெயர். கட்டுமான கம்பெனியின் மேலாளர், அவர் வயதில் பாதிகூட இல்லாதவர், அவரைச் சுவரோரம் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாளையிலேருந்து வந்துடுங்க" என்றார்.

"குட்டையா இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்று மனைவி சிரித்தாள். அன்று அவரும் சிரித்தார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சொந்த நாட்டில் வீடு வாங்கினால் ஐந்து வருஷம் வரி கிடையாது என்று அரசாங்கம் அறிவித்திருந்த சமயம் அது. பாதி எழும்பி நின்ற கட்டடங்களுக்கெல்லாம் உயிர் வந்தது போலிருந்தது. கம்பெனியின் பதினாறு மாடியில் பதினைந்துக்குச் சுவரே இல்லை. தரைத்தளத்தில் மட்டும் ஒரு மாதிரி வீடு. வண்ணம், விளக்கு, திரைச்சீலை எல்லாம் உண்டு. உள்ளே அறைகளுக்குக் கதவுதான் கிடையாது, கதவு இருந்தால் அறை சின்னதாகத் தெரியும். கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் அளவு குறைத்துச் செய்திருந்தார்கள். ஆறரை அடி இருக்க வேண்டிய கட்டில் ஐந்தடி. அந்தச் சாமான்களுக்கு நடுவே ஐந்தடி மனிதர் ஒருவர் நின்று பேசினால், செல்போனில் பார்ப்பவருக்கு அறை கூடம்போலத் தெரியும்.

பேசுவதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். யாராவது கட்டிலில் படுத்துக் காட்டச் சொன்னால் ஒருக்களித்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். நேராக நீட்டக் கூடாது. பத்திரத்தில் சதுர அடி சரியாகத்தானே எழுதியிருக்கிறது, நாம் எங்கே பொய் சொன்னோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பகலில் அது போதுமானதாக இருந்தது.

பிறகு மச்சான் போன் செய்தான்.

மனைவியின் தம்பி. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக நர்ஸ். ஆறடி உயரம். சேர்த்ததையெல்லாம் போட்டு அந்தக் கட்டடத்திலேயே வீடு வாங்கப்போவதாகச் சொன்னான். "நீங்க நிக்கிற எடம் அத்தான். வேற யாரை நம்புறது?"

மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று மாதமாக ஒன்றும் விற்கவில்லை. இதுவும் போனால் மாதிரி வீட்டையே மூடிவிடுவார்கள்.

வீடியோவில் காட்டவேண்டிய அன்று காலை, இட்டிலித்தட்டைக் கழுவியபடியே மனைவி சொன்னாள். "நீங்க வாயைத் தொறந்து எதையாச்சும் உளறி வைக்காதீங்க. வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான் அவன் திரும்பி வருவான்."

"அவன் உசரத்துக்குக் கட்டில் போட்டா கதவு தொறக்காது."

"உங்க மாதிரி வீட்லதான் கதவே இல்லையே" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

மேலாளரே போனைப் பிடித்துக்கொண்டார். திரையில் மச்சான், பின்னால் ஒரு இரண்டடுக்குக் கட்டில்.

"என்ன அத்தான், ஒரு அடி வளந்துட்டீங்களா? என்னமோ ஆளே நெடுநெடுன்னு தெரியிறீங்க!"

"சட்டை அப்படி, மச்சான்."

சமையலறை, குளியலறை, படுக்கையறை. வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னார். நாக்கு தானாகவே ஓடியது.

"அந்தக் கட்டில்ல கொஞ்சம் படுங்க அத்தான், பாப்போம். இங்க மேல்தட்டுல கால மடக்கியே தூங்கிப் பழகிட்டேன். கால நீட்டிப் படுக்கணும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவர் படுத்தார். பழக்கத்தில் முழங்கால் மடங்கிக்கொண்டது. மேலாளர் தலையசைத்தார். திரையில் மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவர் மெல்லத் திரும்பி மல்லாந்தார். ஒரு காலை நீட்டினார். பிறகு மற்றதையும். உச்சந்தலை ஒரு பக்கப் பலகையில் இடித்தது. பாதம் மறுபக்கப் பலகையில் முட்டியது.

மச்சானின் சிரிப்பு நின்றது.

"அத்தான்... நான் ஊருக்கு வர்றப்ப நம்ம வீட்டுக் கட்டில்ல உங்க காலுக்குக் கீழ என் பெட்டியை வைப்போமே."

"ஆமா. வைப்போம்."

"படுத்தா அதுக்கு எடம் இருக்குமே."

"இருக்கும் மச்சான்."

மேலாளர் போனைச் சடாரென்று ஜன்னல் பக்கம் திருப்பி, "சிக்னல் சரியில்ல சார், நாங்களே கூப்பிடுறோம்" என்றார். பிறகு அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எனக்கும் குடும்பம் இருக்கு அண்ணே. விரிப்பைச் சரி பண்ணிட்டுச் சாவியைக் குடுங்க."

அவர் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார். அதில் அவர் கெட்டிக்காரர்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கூடத்தில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தம்பி பேசிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அந்த ஆஸ்பத்திரியிலேயே இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டானாம்."

அவர் செருப்பைக் கழற்றியபடி நின்றார்.

"உங்க மேல கோவமில்லையாம். அத்தான் நல்லவர், திட்டாதன்னு சொன்னான்." அவள் குரல் உடைந்தது. "அவன் சொல்லுவான். உங்கள யாருங்க கால நீட்டச் சொன்னது?"

அவர் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். படுக்கத்தான் தோன்றியது. ஆனால் படுத்தால் காலுக்குக் கீழே அந்த வெற்றிடம் தெரியும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.