கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

பனியன் கம்பெனியில் எனக்கு மார்க்கர் போடும் வேலை. உடுப்பின் துண்டுகளைத் துணி வீணாகாமல் கம்ப்யூட்டரில் அடுக்கிக் கொடுத்தால்தான் கட்டிங் டேபிள் ஓடும். பறக்கிற பஞ்சு மேசையிலும் டீ டம்ளரிலும் என் புருவத்திலும் உட்காரும். கம்ப்யூட்டருக்குள்ளும் போகிறதே என்று, பங்குனியில் அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டையே தைத்துவிட்டேன். மீந்த பிட் துணிதான். வயர் வெளியே வர ஓட்டை விட்டு, ஓட்டையைச் சுற்றி, பனியன் கழுத்துக்கு வைப்பது போல ரிப் பட்டி வைத்தேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். நானும் கொஞ்சம் மிதந்தேன்.

சித்திரை பிறந்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. பாதி மார்க்கரில் பட்டென்று போய்விடும். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. மாசியில் அதைப் பழுது பார்த்த சோமனூர் மெக்கானிக் பழைய சாமானை நம் தலையில் கட்டிவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். ஒரு தடவை வந்து பார்க்கட்டும், சரியாகாவிட்டால் வேறு மெக்கானிக்கைப் பிடிக்கலாம் என்றார் அவர்.

மெக்கானிக் வந்தார். சட்டையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தேன். அவர் முன்னால் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. நான் குத்திக் குத்திப் பேசினேன். மதர்போர்டின் சூடு திரையின் மூலையில் தெரிகிற மாதிரி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டார். ஐம்பது டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி, அறுபதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், எழுபதில் நின்றால் ஆபத்து. பிராசசர் இதைவிடச் சூடாவது சகஜம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்போது நாற்பத்தாறு. நான் சட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு. டீ குடிப்பதற்குள் அறுபத்தொன்று. அப்புறம் அறுபத்தெட்டு. சந்தேகம் வந்து சட்டையைக் கழற்றினேன், எண் இறங்கியது. மறுபடி மாட்டினேன், ஏறியது. துணியை அப்போதுதான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். பனி கொட்டுகிற நாட்டுக்குப் போகும் ஜாக்கெட்டுக்கு வந்த, கம்பளி போல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளீஸ் துணி. திருப்பூர் வெயிலில் அதைக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒரு மனிதரின் பிழைப்பாயிற்றே. சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போய், தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் துணியைத் தடவிப் பார்த்து, குளிர் தாங்குமா என்று ஜாக்கெட் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது என்று சிரித்தார். அங்கேயே மெக்கானிக்குக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

மன்னிப்புக் கேட்டேன்.

“மேசை மேல அந்தச் சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுதுங்க அம்மிணி,” என்றார். “அன்னேரம் இருந்த கோவத்துல நாஞ் சொன்னா நம்பியிருப்பீங்களா? அதான் நெம்பரை வெச்சுட்டு வந்தனுங்க.”