ஒல்லித் தொரையின் ஏணி

“இதுவும் நீ கட்டுன கதைதானே பாப்பா?”

ஏகாம்பரம் மாமா அதைக் கேட்டபோது அவர் தலை நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. தறியில் நாடா ஓடும் சரசரப்பும், நூலை நெருக்கி அடிக்கும் கட்டையின் ‘தடக்’கும், பாவு நூலில் காய்ந்த கஞ்சியின் லேசான புளிப்பு வாசனையும் நான் சிறுமியாக இருந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. நான்தான் மாறியிருந்தேன். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், படித்துத் தெரிந்துகொண்ட ஓர் உண்மையைச் சொல்வதற்காகவே அன்று அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். என் வாழ்க்கையில் பல பேரிடம் பல விஷயங்களை நிரூபித்துக் காட்டவேண்டி வந்திருக்கிறது. அதில் எனக்கு அலுப்பு உண்டே தவிரப் பயம் கிடையாது. ஆனால் மாமா கேட்டதற்கு மட்டும் என்னால் கோபப்பட முடியவில்லை, ஏனென்றால் அப்படிக் கேட்க அவருக்கு நியாயம் இருந்தது.

எங்கள் வீடு ஓரிக்கையில். தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் மாமா வீட்டில் தார் சுற்றினாள், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சனிக்கிழமைகளில் என்னைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் அம்மா கூடவே அழைத்துப் போவாள். அவள் அவரை ‘அண்ணா’ என்பதால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி தேவகி எனக்கு அத்தை.

தறி இருந்த கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி காலையிலிருந்து ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். நெய்கிறவர்களுக்குப் பின்பக்கச் சுவரில் அது இருந்தது. கண் நூலுக்கு, காது பெட்டிக்கு. பாட்டு, வசனம், செய்தி எல்லாம் காதாலேயே நடக்கும். உள்ளூர் கேபிள்காரர் சனிக்கிழமை மூன்று மணிக்கு எதையாவது போட்டு நிரப்புவார். ஒரு கோடையில் அவர் கையில் ஓர் இங்கிலாந்து நகைச்சுவை நடிகரின் படங்கள் கட்டாகக் கிடைத்துவிட்டன போலும். கழுத்து நீண்டு, காது விரிந்து, கணுக்கால் தெரியக் கால்சட்டை போட்ட ஒல்லி மனிதர். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டார். விழுவார், எழுவார், முழிப்பார்.

எல்லா ஊருக்கும் புரியும் படம்தான். பார்க்காமல் கேட்கிற அந்த வீட்டுக்கு மட்டும் புரியாது.

“இன்னாபா இது, தடாலுன்னு ஒரு சத்தம் வருது, அப்புறம் பேண்டு வாத்தியம் வருது. படமா, பந்தல் பிரிக்கிறானுங்களா?” என்றார் குமார் அண்ணன். அவர் அத்தையின் தம்பி. மாமாவோடு அதே தறியில் உட்கார்ந்து கரை ஓட்டுகிறவர். நான் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். “நீதான் கண்ண வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கியே, சொல்லேன்” என்றார். சொன்னேன். அன்றைக்கே அந்த நடிகருக்கு ‘ஒல்லித் தொரை’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

சொல்வதிலும் ஒரு முறை இருந்தது. காஞ்சிப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒவ்வோர் ஓட்டத்திலும் மாமாவின் நூலும் குமார் அண்ணனின் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு கோர்வை விட்டாலும் உடலும் கரையும் அந்த இடத்தில் பிளந்து நிற்கும். அதனால் நடுவில் சிரிக்க வைக்கக்கூடாது. நூல் தீர்ந்து புதுத் தார் மாற்றுகிற அரை நிமிடம்தான் சிரிப்பதற்கான நேரம். திரையில் தொரை எப்போதோ விழுந்து, எழுந்து, பேருந்து ஏறிப் போயிருப்பார். நான் மட்டும் அவரை ஏணியின் உச்சியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, மாமாவின் நாடாவில் நூல் தீர்வதற்குக் காத்திருப்பேன். தார் மாற்ற அவர் கை நின்றதும் தொரையைக் கீழே தள்ளுவேன். கூடம் அதிரும்.

காத்திருக்கும் நேரத்தைச் சும்மா விட முடியாதே. அதை நிரப்பத்தான் தொரைக்கு ஒரு வாழ்க்கையைக் கட்ட ஆரம்பித்தேன். அவருக்கு ஒரு தங்கச்சி. அவள் கல்யாணத்துக்காகத்தான் இத்தனை வேலை பார்த்து இத்தனை அடி வாங்குகிறார். படம் எதுவானாலும் தங்கச்சி வந்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா கேட்பார்: “இன்னாம்மா, தொரை தங்கச்சிக்கு மாப்பிள்ள அமைஞ்சிதா?”

ஏணிப் படம் அந்தக் கோடையின் கடைசியில் வந்தது. தொரை ஒரு நீளமான ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கத் திரிகிறார். திரும்பும் இடமெல்லாம் எதையாவது இடித்துத் தள்ளுகிறார். கடைசியில் எல்லாரும் விரட்டிவிட, அந்த ஏணியோடு ரயில் ஏறிவிடுகிறார். ஏணி இந்தப் பக்க ஜன்னலிலும் நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்க ஜன்னலிலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் அவர் மட்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ரயிலுக்குள்ள தங்கச்சி குந்தியிருக்குது. மாலையும் கழுத்துமா. அண்ணனப் பாத்து சிரிக்குது” என்றேன்.

அத்தை டீ எடுத்துக்கொண்டு வந்தவர், பெட்டியைப் பார்த்து நின்றார். “ஏன்டி இப்டி புளுவுற? தங்கச்சியும் இல்ல, ஒருத்தியும் இல்ல. அந்த மனுசன் ஒண்டியா போறான்.”

மாமா திரும்பினார். அந்தக் கோடை முழுவதும் ஒரு முறைகூடத் திரும்பாதவர், உடம்பை வளைத்துத் திரும்பித் திரையைப் பார்த்தார். குமார் அண்ணனும் பார்த்தார். கை மட்டும் பழக்கத்தில் ஓர் ஓட்டம் ஓடியது. படம் முடிந்தது, மறுபடி குனிந்து நெய்தார்கள். சாயங்காலம் புடவையைத் தடவிப் பார்க்கும்போதுதான் மாமாவின் விரல் அந்த இடத்தில் நின்றது. கோர்வை விட்டிருந்தது. கல்யாணப் புடவை. அதற்குமேல் நான்கு விரற்கடை நெய்திருந்தார்கள். அத்தனையையும் ஒவ்வொரு நூலாகப் பிரிக்கவேண்டும்.

“செல்வி, இனிமே பொண்ண இட்டுக்கினு வராதே” என்று அம்மாவிடம் சொன்னார் அத்தை. சத்தம் போடவில்லை. மாமா என்னைப் பார்க்காமலே, “அத்தினி நாளா தங்கச்சின்னு சொன்னியே பாப்பா” என்றார். புடவைக்காக வருந்தினாரா, தங்கச்சிக்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது.

திரும்பும் வழியில் அம்மா முதலில் திட்டினாள். “வாய வெச்சிக்கினு சும்மா இருந்தா இன்னா உனுக்கு? நாளிக்கி எனக்கே வேலை இல்லன்னா?” வீடு நெருங்கும்போது, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: “நெஜமாலுமே ஒண்டியாதான் போனாரா?”

“ஆமாம்மா.”

அவளும் அத்தனை வாரமும் ராட்டையைப் பார்த்துக்கொண்டு காதால்தான் படம் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவின் வேலை போகவில்லை. நான் போவதுதான் நின்றது. கல்லூரிக்குப் போன முதல் வருடம், கணினி அறையில் மற்றவர்கள் தேர்வு முடிவு தேடிக்கொண்டிருந்தபோது, நான் ஒல்லித் தொரையைத் தேடினேன். ஆங்கிலம் எனக்கு அப்போது கல்லும் முள்ளும். அகராதியோடு நான்கு நாள் உட்கார்ந்து வாசித்தேன். அவர் வட இங்கிலாந்தில் ஓர் ஆலை ஊரில் பிறந்தவர். அவருடைய அம்மா துணி ஆலையில் தறி ஓட்டியவர். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக இரையும் அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அந்தப் பெண்கள் குரலில்லாமல் உதட்டை அசைத்து, புருவத்தை ஏற்றி, கையை ஆட்டியே ஊர்க்கதை முழுக்கப் பேசிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கடற்கரை ஊர்களின் நாடக மேடைகளில் அதையே செய்து காட்டி, பிறகு சினிமாவுக்குப் போனார். நன்றாக ஓடிய காலத்தில் ஒரே ஒரு படத்தில் வாய் திறந்து பேசினார். சனங்களுக்குப் பிடிக்கவில்லை. அதன்பின் சின்னச் சின்ன வேடங்கள், கடைசியில் முதியோர் விடுதி. தங்கை இருந்ததாக எங்கும் இல்லை.

அங்கே சத்தத்தில் காதை இழந்தவர்கள் கண்ணால் பேசியதை, இங்கே நூலுக்குக் கண்ணைக் கொடுத்தவர்களுக்கு நான் காதில் சொல்லியிருக்கிறேன். இதைத்தான் மாமாவிடம் சொல்லப் போனேன். படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்த பிறகுதான் அந்தப் படி ஏற எனக்குத் துணிவு வந்தது. “தொரையோட அம்மாவும் தறிக்காரங்கதான் மாமா” என்று ஆரம்பித்ததும் அவர் கேட்டதுதான் முதல் வரியில் இருக்கிறது.

இப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் படங்களின் அடியில் தமிழ் எழுத்து போடும் வேலை. போக வர ஐந்து மணி நேரம் பேருந்து. யாரோ பேசியதை யாரோ வாசிக்க எழுதிக்கொடுத்துவிட்டு, கண் எரிய வீடு திரும்புகிறேன். அந்த உள்ளூர் சானல் நின்றுபோய் வெகுகாலம். மாமா வீட்டில் தறி ஓடுகிறது, புடவை போகிறது. ஆனால் குமார் அண்ணன் காதில் ஒரு பாட்டு, மாமா பக்கத்தில் வேறு எதுவோ, அம்மா மடியில் இன்னொரு செல்போன். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பது மட்டும் இல்லை.

போன மாதம் அலுவலகத்தில், பார்வையற்றவர்களுக்காகக் காட்சிகளைக் குரலில் சொல்லும் புதிய பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். விருப்பமுள்ளவர்கள் தாங்களே தேர்ந்த ஒரு காட்சியைச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பவேண்டும். எனக்கு வேறு காட்சி தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போய், குமார் அண்ணனைக் காதிலிருப்பதைக் கழற்றச் சொல்லிவிட்டு, தறிக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். கடைசி வரி இது: ‘ரயில் நகர்கிறது. ஏணியின் இரு முனைகளும் இரு பக்க ஜன்னல்களிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டியில் வேறு யாரும் இல்லை.’

சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை, “ஆமா. ஒண்டியாதான் போனான்” என்றார். அம்மா நூலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

மாமா நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தார். தார் தீர்ந்தது. கை நின்றது.

“அவங்கம்மா ஓட்டுனது கைத்தறியா, மில்லு தறியா?”

“மில்லு தறி மாமா.”

“அப்ப சத்தம் இருக்கத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, புதுத் தாரை நாடாவில் வைத்தார்.

மறுநாள் காலை, பேருந்து வாலாஜாபாத்தைத் தாண்டுவதற்குள், அந்தப் பதிவை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.