கைப்பேசித் திரையில் மூன்று வகையறா

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு நெய்க்கடையின் மாடியில் இருக்கிறது கோகிலவாணி அக்காவின் அறை. கீழே வெண்ணெய் உருக்குகிற நாட்களில் படியேறி வருகிறவர்கள் முதலில் மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். அக்காவின் தொழில் இணையப் பக்கம் செய்து கொடுப்பது. போர்வெல் வண்டிக்காரர்கள், பட்டுச்சேலைக் கடைக்காரர்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். நான் அவருடன் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் பி.எஸ்சி. சான்றிதழை அப்பா சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். எனக்கு அதில் கூச்சம் ஒன்றும் கிடையாது.

அக்கா பாலிடெக்னிக் முடித்தவர். கல்யாணமாகி வெண்ணந்தூருக்கு வந்த பிறகு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனராக இருந்தார். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைபட்டுத்தான் அச்சுக்குப் போகும். பேனரில் ஒரு வசதி உண்டு. பத்தடிக்கு எட்டடி என்றால் அது கிழிகிறவரைக்கும் பத்தடிக்கு எட்டடிதான். யார் முகம் எவ்வளவு பெரிது, யார் எந்த ஓரம் என்று ஒருமுறை முடிவு செய்தால் போதும். இணையப் பக்கத்துக்கு அப்படி ஒரு அளவே கிடையாது. பார்க்கிறவர் கையில் எந்தத் திரை இருக்கிறதோ அதுதான் அகலம். அந்த மாற்றம் பழக அக்காவுக்குக் கொஞ்சம் நாளானது.

பழகிய பிறகு அதை அவர் மற்றவர்களுக்குச் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். பக்கத்தின் அகலத்தைச் சம அளவில் பன்னிரண்டு செங்குத்துப் பத்திகளாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு பெட்டிக்கு எத்தனை பத்தி என்று சொல்லிவிட்டால் அது அந்த அளவுக்குள் நிற்கும். பெரிய திரையில் நான்கு நான்காக மூன்று பெட்டி பக்கம் பக்கமாக நிற்கும். அதே பெட்டிக்குக் கைப்பேசியில் பன்னிரண்டையும் கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு அகலத்தை எடுத்துக்கொண்டு ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிவிடும்.

"அது ஏனுங்க பன்னெண்டு? பத்துன்னா கணக்குக்குச் சுலுவா இருக்குமே?" என்று ஒரு போர்வெல் முதலாளி கேட்டார்.

"பத்துன்னா மூணு பேருக்குப் பிரிக்கறப்ப சண்டை வந்துருமுங்க. இத கண்டுபுடிச்சவன் அண்ணந்தம்பி பாகப்பிரிவினைய நேர்ல பாத்திருப்பானாட்ட இருக்குது" என்றார் அக்கா.

அக்காவுக்கு ஒரே மகள், நிலா. முதல் வகுப்பு படிக்கிற அவளுக்குப் பிறந்த முடி இன்னும் இறக்கவில்லை. குலசாமி கோயிலில்தான் முதல் முடி இறக்க வேண்டும், வேறெங்கும் ஆகாது. அந்தக் கோயிலோ அவள் பிறப்பதற்கு முன்பே மூடியாகிவிட்டது. ஏரிக்கரைக் கோயில் அது. காத்தான் வகையறா, பொன்னன் வகையறா, பச்சமுத்து வகையறா என்று மூன்று பங்காளிகளுக்கும் சமபாத்தியதை. நடைக்கதவில் மூன்று பூட்டு, வகையறாவுக்கு ஒரு சாவி. மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும். திருவிழா நோட்டீசில் எந்த வகையறாவின் பெயர் முதலில் வருவது என்று ஒரு வருடம் பேச்சு முற்றி, அவரவர் சாவியோடு வீட்டுக்குப் போனவர்கள்தான். நிலாவின் முடி தொடை தாண்டி வளர்ந்துவிட்டது. சீப்பு உடையும், பேன் விழும், குளித்தால் நாள் முழுக்க ஈரம் காயாது. பள்ளியில் அவளுக்குச் சடைச்சாமி என்று பெயர். ஒருநாள் அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு இந்த மாடிக்கே வந்துவிட்டாள்.

இந்த வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று வகையறாப் பெரியவர்களும் எதிர்ப்பட்டார்கள். திருவிழா நடத்தலாம் என்று பேச்சு வந்தது. நோட்டீஸ் அடித்தால் பழைய சண்டை வரும், அது வேண்டாம். உறவுக்காரர்களில் பாதிப் பேர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரிலும் லாரியோடு ரோட்டிலும் இருக்கிறார்கள், நோட்டீஸ் அவர்களுக்குப் போய்ச் சேரவும் சேராது. "நான் ஒரு பக்கம் செஞ்சு தாரேனுங்க. அல்லாரும் ஃபோன்லயே பாத்துக்கலாம்" என்று அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

செய்தோம். மேலே கோயில் படம். அதற்குக் கீழே நான்கு நான்கு பத்தியாக மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் பெரியவர் கைகூப்பி நிற்கும் படமும், அந்த வகையறா கோயிலுக்குச் செய்த நல்லதும். அதற்கும் கீழே திருவிழா நாட்கள். அக்கா வாக்கப்பட்ட காத்தான் வகையறாவுக்குப் பெரியவர் அன்பழகன், அக்கா கணவருடைய பெரியப்பா. பொன்னன் வகையறாவுக்கு அர்த்தநாரி. பச்சமுத்து வகையறாவில் ஆண்கள் எல்லோரும் ரிக்கில் இருப்பதால் சாவி மாரக்காளின் இடுப்பில் இருந்தது. மூவரையும் அன்பழகன் வீட்டில் உட்கார வைத்து டி.வி.யில் பக்கத்தைப் போட்டுக் காட்டினோம். மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மகிழ்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். அன்று மாலையே பக்கம் வாட்ஸ்அப்பில் போனது.

மறுநாள் காலை அர்த்தநாரி மாடியேறி வந்தார். நெய் வாசத்தைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்னம்மிணி இது? டி.வி.யில பக்கத்துல நிக்க வெச்சுக் காட்டிப்போட்டு, ஃபோன்ல அன்பழகன் கால்மாட்டுல கொண்டுபோய்ப் படுக்க வெச்சுட்டயே?"

"மாமா, திரை சின்னதுங்க. அதுல அப்படித்தானுங்க விழும்."

"அதெப்படி, உங்கூட்டுக்காரங்க மட்டும் மேல உழுந்துட்டாங்க, நாங்கெல்லாம் கீழ உழுந்துட்டமா? நல்லா உழுந்துச்சு போ."

 நான் பத்தி, அகலம், திரை அளவு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் என்னைப் பார்க்காமலே, "சாவி எங்கூட்ல பத்திரமா இருக்குது. அது அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நாங்கள் கைப்பேசியில் பார்க்காமல் அனுப்பவில்லை. பார்த்தோம், அழகாக இறங்குகிறது என்று இரண்டு பேரும் மகிழ்ந்தோம். போர்வெல் கம்பெனிக்கு அது சரிதான். முதலில் வண்டி, அதற்குக் கீழே வேலை விவரம், அதற்குக் கீழே தொலைபேசி எண். யாருக்கும் யாரோடும் போட்டியில்லை. பேனர் கடையில் அக்கா ஒருநாளும் ஒரு பங்காளிக்குக் கீழே இன்னொரு பங்காளியை வைத்ததில்லை. வைத்தால் பேனர் அன்றே கிழியும். இங்கே இடத்தைத் தீர்மானித்தது அந்தப் பன்னிரண்டு பத்திக் கட்டம் என்பதால் எங்கள் இருவருக்கும் அது ஒரு இடமாகவே தெரியவில்லை.

"தெறக்கறப்பெல்லாம் வரிசை மாறற மாதிரி எழுதிரலாமுங்கக்கா" என்றேன்.

"அப்பறம் பத்துப் பேரு பத்து ஃபோன வெச்சுக்கிட்டு, உன்றதுல யாரு மேலன்னு ஒருத்தன ஒருத்தன் அடிச்சுக்குவான்."

விரலால் தள்ளிப் பார்க்கிற மாதிரி வைக்கலாமா என்றேன். தள்ளுவதற்கு முன்னால் தெரிவது யார் என்று கேட்டார். மொத்தத்தையும் பேனர் போல ஒரே படமாக ஆக்கிப் பார்த்தோம். கைப்பேசியில் எழுத்து எறும்பு மாதிரி ஆனது.

சாயங்காலம் மாரக்காள் வீட்டுக்குப் போனோம். அவர் மேச்சேரி ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"ஏனம்மிணி, எங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு வெரலு தேயோணுமாட்ட இருக்குது? எம்பையன் ராய்ப்பூர்ல இருந்து கூப்புட்டு, 'ஏம்மா, நம்மளத் தள்ளி வெச்சுட்டாங்களா'ங்கறான்."

"வேணும்னு செய்யலீங்கத்தெ. டி.வி.யில ஓரமா இருந்தப்ப நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே?"

இப்போது திரும்பினார். "ஓரமா? அது சோத்தாங்கைப் பக்கம். சோத்தாங்கைப் பக்கம் நிக்கறவங்களுக்குத்தான் மொதோ மரியாதை. தெரிஞ்சுதான் வெச்சயாக்கும்னு நெனச்சேன்!"

அக்கா வண்டியை நேராக அர்த்தநாரி வீட்டுக்கு விட்டார். அவர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். டி.வி.யில் ஏன் பிடித்தது என்று கேட்டதற்கு, "நடுவுல நிக்கறவனச் சுத்தித்தான மத்தவங்க நிக்கோணும்? இதுகூடத் தெரியாதா?" என்றார். அன்பழகனைக் கேட்கவே தேவையில்லை. இடப்பக்கமிருந்துதானே படிப்பார்கள், முதல் பெயர் நம்முடையது என்று அன்றைக்கே அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

திரும்பும்போது அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திச் சிரித்தார்.  பக்கம் பக்கமாக நின்றால் ஒவ்வொருவருக்கும் தன் இடம் உசத்தி என்று நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. மேலும் கீழுமாக நின்றால் மேலே இருக்கிறவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. கீழே இருக்கிறவர் என்ன சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வார்? இதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. இரண்டு சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கிய பிறகுதான் அக்காவுக்கும் எனக்கும் புரிந்தது.

ஆகவே கைப்பேசியிலும் நான்கு நான்குதான். நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றிப் பார்த்தால் ஒரு பெட்டி கட்டைவிரல் அகலம்கூட இல்லை. 'திருப்பணிக்குழுத் தலைவர்' என்பது பெட்டியைத் தாண்டிப் பக்கத்து வீட்டார் முகத்தின்மேல் ஏறி நின்றது. நல்லது செய்த கதைகள் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக ரயில்வண்டி போல நீண்டன. மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டுமானால் மூன்று பேரும் சுருங்க வேண்டும். படமும் பெயரும் நிற்கும், பெருமை நிற்காது.

"யாரப் போயி மொதல்ல சுருங்கச் சொல்லறது சாமி?" என்றார் அக்கா. பிறகு அவரே தன் புகுந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து, அன்பழகனின் தாத்தா கோயில் கிணறு வெட்டிய கதை முழுவதையும் எடுத்தார். மற்ற இரண்டையும் தொடவில்லை. அப்படியே பக்கத்தைப் புதுப்பித்துவிட்டார்.

அன்பழகன் உடனே அழைத்தார். ஒலிபெருக்கி போடாமலே எனக்குக் கேட்டது.

"எங்க தாத்தன் வெட்டுன கெணத்தையே மூடிப்போட்டயா? எங்கூட்டுல இருந்துக்கிட்டு எங்களுக்கே இதச் செய்வியா?"

"நிலாவுக்கு முடி எறக்கோணுங்க மாமா."

 அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்கப்புறம் சில நாள் அந்த வீட்டில் அக்காவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவர் குஜராத் பக்கம் லாரியில் இருந்தார், அவரும் போனில் "எதுக்கு உனக்கு இந்த வேல?" என்றாராம். அக்கா வேலைக்கு வந்தார், போனார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோனார்.

மாரக்காளிடமிருந்து அழைப்பு வந்தபோது, இன்னொரு வசவு என்றுதான் நினைத்தோம்.

"ஏனம்மிணி, எப்பவும் உங்கூட்டாளுகளுக்கு மட்டும் ஒசத்தியா? அந்த அன்பழகன் மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு தெரியுது. எங்களுக்குக் கீழ வாலு நீண்டு தொங்குது. அத வெட்டிப்போட்டு எங்களுக்கும் அதே மாதிரி பண்ணு."

அன்று பொழுது சாய்வதற்குள் அர்த்தநாரியும் அதையே கேட்டார். மூன்று முகமும் மூன்று பெயரும் ஒரே வரிசையில், எந்தத் திரையிலும். முகத்தைத் தொட்டால் அவரவர் கதை தனிப் பக்கத்தில் திறக்கும்படி செய்தோம். அன்பழகன் வீட்டுக் கிணறும் அங்கே திரும்பி வந்தது.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சாமி. நாம உட்டுக்குடுத்தா அவங்களும் மனசு எறங்குவாங்கன்னு நெனச்சேன். பொறாமையில எறங்கறாங்க. எறங்குனாச் சரி."

இப்போதெல்லாம் அக்கா எந்தப் பக்கத்தையும் கைப்பேசி அகலத்தில்தான் தொடங்குகிறார். அந்த ஒடுக்கத்தில் யாருக்கு எது மிஞ்சும் என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறார். சிலருக்கு எரிச்சல் வரும். நெய் வாசம் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வார்கள்.

திருவிழாவன்று நானும் போயிருந்தேன். மூன்று சாவியும் வந்தன, கதவு கிறீச்சென்று திறந்தது. நிலா அக்காவின் மடியில் உட்கார்ந்து, முதல் கற்றை விழுந்ததும் வீறிட்டாள். அப்புறம் விழுந்து கிடந்த முடியைக் கையில் எடுத்து நீளம் பார்த்தாள். மாரக்காள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்த மொட்டைத் தலையில் அப்பினார்.

"அடுத்த வருசம் எங்கள நடுவுல போடோணும் அம்மிணி. அந்த அர்த்தநாரி நடுவுல நின்னுக்கிட்டு ரொம்பத்தான் பல்லக் காட்டறான்."

"நடுவுல நிக்கறதுக்கு ஒரு மொகவெட்டு வேணும் அண்ணி" என்று பின்னாலிருந்து அர்த்தநாரி குரல் வந்தது.

அக்கா மகளின் தலையிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்தார். "அடுத்த வருசமுங்களாத்தெ?"

"பின்ன? இத்தோட பூட்டிப்போட்டுப் போயிருவமாக்கும்?"

 முடி எடுப்பவர் கத்தியை நீரில் அலசிக்கொண்டு, அடுத்த குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார்.